முப்பத்தோராம் பக்கத்தில் என் ஸ்கூட்டர்

சனிக்கிழமை, காலை

என் ராங்கி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, தம்பி மூன்று பேரும் சௌக்கியம். சௌக்கியம் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் குறைவாகத்தான் படுகிறது, வியாழக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் ஆளுக்கொரு மூலையில் தானாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே உடம்பு, மனசு, தூக்கம் மூன்றிலும் சரியாக இருக்கிறாயா என்று முறைக்குக் கேட்கிறேன், தூக்கத்தைப் பற்றி மட்டுமாவது பொய் சொல்லாமல் பதில் எழுது. வியாழக்கிழமை சாயங்காலம் நீ ஃபோனில் ஒரு மணி பத்து நிமிஷம் பேசினாய், அதில் நான் பேசியது மொத்தமே ஏழெட்டு "ம்", இரண்டு "அடிப்பாவி", அதற்குள் உன் அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஃபோனில் எனக்குக் கோவையாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் தம்பியின் நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் காலேஜ் நோட்டைக் கிழித்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், உள்ளே எழுதியிருந்தது மூன்றே பக்கம்தான், மீதியெல்லாம் கார் படம்.

செய்தியை நீ எனக்கு முன்னாலேயே படித்துவிட்டாய், இருந்தாலும் இங்கே நடந்ததை நான் ஒரு முறை சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னார். கரண்ட் போனால் தவிர அந்தக் கூடம் அமைதியாகி நான் பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருஷமாக டூத் பிரஷ்ஷுக்கு முடி பதிக்கிற மிஷின்களின் சத்தம் காதுக்குள் குடியிருக்கிறது, அது நின்றதும் யாரோ பிடித்துத் தள்ளியது மாதிரி ஒரு தடுமாற்றம். மேனேஜர் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். கம்பெனி கைமாறிவிட்டது என்று முதல் வரி. வாங்கியவர்கள் யார் என்று அடுத்த வரி. மூன்றாவது வரியில், வேலை செய்கிற யாரையும் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை, முடி பதிக்கும் பிரிவுக்கு இரண்டு புது மிஷின் வருகிறது என்று இருந்தது. அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன், பின்னால் நின்றவர்கள் அண்ணே நகருங்கண்ணே, நாங்களும் தெரிஞ்சுக்கணும்ல என்று கத்துகிற வரைக்கும் படித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன், முகம் கழுவத்தான் போனேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள்.

இப்போது கொஞ்சம் பின்னால் போகிறேன், ஏனென்றால் உனக்குத் தெரியாத பாதி என்னிடம் இருக்கிறது. நீ எம்.பி.ஏ. முடித்து இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் அசோசியேட்டாகச் சேர்ந்தபோது, பேங்க் என்றதுமே தெருவில் பாதிப் பேர் லோன் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள். அது அந்த மாதிரி பேங்க் இல்லை, ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது கூட இருந்து யோசனை சொல்கிற பேங்க் என்று உன் அம்மா ஒவ்வொருவருக்கும் விளக்கி விளக்கி, கடைசியில் பொறுமை போய், ஆமா கிடைக்கும், முதல்ல போய் ஒரு கம்பெனி ஆரம்பிச்சுட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள். நான் என்ன சொன்னேன் என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. விமான நிலையத்தில் நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற நேரத்தில், ஏம்மா, இவ்வளவு படிச்சு கடைசியில தரகு வேலைதானா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், நல்ல நேரம் பார்த்துத்தான் என் வாய்க்கு விளையாட்டு வரும். நீ சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் கையை ஆட்டினாய்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் கூப்பிட்டாய், முதலில் என்னிடம்தான் பேசினாய். உன் வேலை எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. விலைக்கு வருகிற கம்பெனியைப் பற்றி நூறு பக்கத்தில் ஒரு புத்தகம் தயார் செய்ய வேண்டும், உனக்குக் கீழே இருக்கும் அனலிஸ்ட் பக்கங்களைப் போடுவார், நீ சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கமாவையும் பிடித்து விசாரிப்பாய், உனக்கு மேலே இருக்கிற மேடம் நீ விட்டதைப் பிடிப்பார், பகல் முழுக்க ஈ ஓட்டிவிட்டு மற்ற ஆபீஸ்காரர்கள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் திருத்தமெல்லாம் மொத்தமாக வந்து விழும். கம்பெனி பெயர் வெளியே தெரியக் கூடாது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பறவைப் பெயர் வைப்பீர்கள். உன் அம்மா, கொக்கு முடிஞ்சுதா, கிளி என்ன ஆச்சு என்று உறவுக்காரர்களை விசாரிப்பது போல விசாரிப்பாள். ஒரு படத்தின் ஓரம் மயிரிழை தள்ளியிருந்தது என்று நாற்பது புத்தகத்தை மறுபடியும் அச்சடித்தோம் என்று நீ சொன்ன அன்று, இதுக்கா எம்.பி.ஏ. என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள், எனக்கு மட்டும் மனசு குளிர்ந்துவிட்டது. நானும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பிரஷ் முடியின் முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறவன்தானே, முனை கூராக நின்றுவிட்டால் முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு ஈறில் ரத்தம் வரும். பொண்ணு நம்ம வேலையைத்தான் செய்யுது, நாற்காலிதான் வேற என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அதை உன்னிடம் சொல்லவில்லை பார், அதுதான் என் புத்தி.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவின் ஃபோனில் கூப்பிட்டாய். என்ன சாப்பிட்டாய், என்ன குளிர் என்று அவளிடம் பேசிவிட்டு, அப்பாகிட்ட கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டதும், மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிட்டாய். அடுத்த ஞாயிறும் மீட்டிங். அதற்கடுத்த ஞாயிறும் மீட்டிங். மொத்தம் பதினான்கு ஞாயிற்றுக்கிழமை, எண்ணி வைத்திருக்கிறேன். நான் கூப்பிட்டால் நல்லா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்ப்பா, இரண்டே வரி. உன் அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டாள், யாரோ ஒரு பையன் இருக்கான், அதான் உங்ககிட்ட பேசப் பயப்படுறா என்றாள். நாலாவது வாரத்தில் அவனுக்கு உயரம், வேலை, மூக்குக் கண்ணாடி எல்லாம் தீர்மானமாகிவிட்டது, ஆறாவது வாரத்தில் அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று கவலைப்பட்டு, நான் வேலை பார்க்கிற டிரைவிங் ஸ்கூல்ல நானே கத்துக்கொடுத்துடுறேன் என்று சமாதானமும் ஆகிவிட்டாள். அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை என்று நீ வியாழக்கிழமை சொன்ன பிறகும் அவள் முழுதாக நம்பவில்லை, ஜாக்கிரதையாக இரு. எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன், அந்தத் தரகுப் பேச்சுதான், இப்போதுதான் உள்ளே போய்த் தைத்திருக்கிறது என்று. அதனால்தான் உனக்கு அந்த அசட்டு மெசேஜெல்லாம் அனுப்பினேன். நமக்கு இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்த தரகர் எவ்வளவு நல்லவர், தரகர் இல்லாவிட்டால் உலகமே நடக்காது என்று வாரம் ஒரு மெசேஜ். நீ அதற்கெல்லாம் ஒரு கட்டை விரலை மட்டும் அனுப்பினாய். அந்தக் கட்டை விரலைப் பார்த்துப் பார்த்து நான் நொந்துபோனேன்.

இதே நேரத்தில் இங்கே ஃபேக்டரியில் புது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பளபளவென்று ஷூ, கையில் கிளிப்போர்டு, ஒவ்வொரு மிஷினுக்கும் எதிரே நின்று நம்பரைக் குறித்துக்கொண்டு போனார்கள், யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேன்டீனில் ஆளுக்கொரு கதை, இடத்தை வித்துட்டு மிஷினை எங்கேயோ அள்ளிக்கிட்டுப் போகப் போறாங்களாம் என்பதுதான் அதில் நல்ல கதை. எனக்கு வயது ஐம்பத்திமூன்று, முடி பதிக்கிறதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, தம்பிக்குப் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.  இதைப் பற்றிக் கேட்க இந்த உலகத்தில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான், அது நீ. ஒன்பதாவது ஞாயிறு, மானம் ரோஷம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். இந்த மாதிரி ஆளுங்க வந்து மிஷினை எண்ணிட்டுப் போனா என்னம்மா அர்த்தம் என்று கேட்டேன்.  எனக்குத் தெரியாதுப்பா, என்கிட்ட இதெல்லாம் கேக்காதீங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்தக் குரல் உன் குரலே இல்லை. மகளே, மறைக்காமல் எழுதுகிறேன், அன்று எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை, பெற்ற பெண் கைவிட்டுவிட்டாள் என்றுதான் தோன்றியது. அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அவள் அடுத்த விமானத்தில் ஏறி வந்து உன் ஆபீஸ் வாசலில் நின்றிருப்பாள்.

மீதிப் பாதியை நீ வியாழக்கிழமை சொன்னாய். மரங்கொத்தி என்று பெயர் வைத்த வேலை, ஒரு பெரிய கம்பெனிக்காக, அவர்கள் யாரை வாங்கலாம் என்று நீ பார்த்துக்கொண்டிருந்த வேலை, நீ சேர்ந்த பிறகு உன் கைக்கு வந்த முதல் பெரிய வேலை, இது நல்லா முடிஞ்சா ஆபீஸ்ல என்னை எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ப்பா என்று கொக்கும் கிளியும் போன பிறகு நீயே துள்ளிக்கொண்டு சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பட்டியலில் இருந்தது எங்கள் தாய்க் கம்பெனியின் பெயர், அதை நானே சம்பளச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் பார்த்ததோடு சரி, உனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது நாள் அதில் வேலை பார்த்திருக்கிறாய். பத்தாவது நாள் அந்தப் புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு ஃபேக்டரி வாசல் படம், அதன் ஓரம் நேராக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தால், இங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே, சீட்டில் நீல டேப் ஒட்டிய என் ஸ்கூட்டர். அந்த இடத்தில் நிறுத்தாதீங்கன்னு வாட்ச்மேன் பத்து வருஷமாகக் கத்துகிறார், நல்லவேளை நான் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பிட்டேன்ப்பா, திரும்ப வந்து பார்த்தேன், திரும்பவும் உங்க வண்டிதான் என்று நீ சொன்னபோதுதான் நான் முதல் அடிப்பாவி சொன்னேன்.

இரண்டாவது அடிப்பாவி அதற்கப்புறம் நீ செய்ததற்கு. நேராக மேடத்திடம் போய் என் அப்பா அங்கே வேலை செய்கிறார் என்று சொன்னாய். அவர் என்ன டைரக்டரா, மிஷின் பக்கத்தில் நிற்கிறவர்தானே, எழுதிக் கொடுத்தால் விலக்கித்தான் வைப்பார்கள், யோசித்துக்கொள் என்று மேடம் ஒரு நாள் அவகாசம் கொடுத்தார். நீ அன்றைக்கே எழுதிக் கொடுத்தாய். மரங்கொத்தியிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்கள், அந்த ஃபைலைத் திறக்க முடியாமல் பூட்டிவிட்டார்கள், அந்த வேலை உன் பக்கத்து மேசைக்காரிக்குப் போனது, நீ அந்தப் பக்கம் போனால் அவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், அவள் கம்ப்யூட்டர் திரை கண்ணில் படக் கூடாது என்று நீ மூன்றரை மாதம் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டாய். ஏன் அவ்வளவு அவசரமாக எழுதிக் கொடுத்தாய் என்று உன் அம்மா கேட்டதற்கு, அடுத்த பக்கத்துல எத்தனை பேரைக் குறைக்கலாம்னு இருக்கும்மா, அதைப் படிச்சுட்டு அப்பாகிட்ட எப்படிப் பேசுவேன் என்றாயே, அதைக் கேட்டுத்தான் அவள் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள், லைன் கட்டாகவில்லை.

சரி, பேங்க்காரர்கள் உனக்குச் சொன்னது என்ன? உன் அப்பாவிடம் அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசாதே என்று. நீ புரிந்துகொண்டது என்ன? உன் அப்பாவிடம் பேசாதே என்று. இவ்வளவு படித்த பெண்ணுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று கோபம்கூட வந்தது. என் குரலை வெச்சே கண்டுபிடிச்சுடுவீங்கப்பா என்றாய். கண்டுபிடித்திருப்பேன், அதுவும் நிஜம்தான், நீ எட்டாம் வகுப்பில் மார்க் ஷீட்டை ஷூவுக்குள் வைத்ததை ஒரு ஹலோவிலேயே கண்டுபிடித்தவன் நான். நீ பாதியிலேயே வெளியே வந்துவிட்டதால் என் வேலை நிற்குமா போகுமா என்று உனக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரே பயத்தை இந்த முனையில் நானும் அந்த முனையில் நீயுமாகப் பிடித்துக்கொண்டு, நீ மீட்டிங் என்றும் நான் தரகர் பெருமை என்றும் பதினான்கு வாரம் ஓட்டியிருக்கிறோம். நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

நேற்று கேன்டீனில் ஒன்று நடந்தது. வாங்கியவர்களுக்கு யோசனை சொன்னது உன் பேங்க்தான் என்று பேப்பரில் வந்திருந்தது. எங்கள் யூனியன் செயலாளர், அவர் ரகசியம் பேசினாலே கேட்டுக்கு வெளியே கேட்கும், பேப்பரைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். உம்பொண்ணு இந்த பேங்க்லதானே இருக்கா, உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க இத்தனை நாள் செத்துப் பிழைச்சிருக்க மாட்டோமே என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன், ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. சொல்லலைங்க, எங்கிட்டயே சொல்லல என்றேன். பரிசு வாங்கினவன் மேடையில் சொல்வது போலத்தான் சொன்னேன் போலிருக்கிறது, அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார், தன் டீயைப் பாதி என் டம்ளரில் ஊற்றினார், அப்புறம் வேறு பேச்சு.

நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தோமே என்று உனக்கு உள்ளுக்குள் வருத்தம் இருக்கும், இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன், பட்டுக்கொள், கொஞ்ச நாள் இருக்கட்டும். மேடமே இப்போது உன்னைக் கேட்டு வாங்கி வேறொரு பெரிய வேலையில் போட்டிருக்கிறார் என்றாய், சந்தோஷம், கம்பெனி பெயர் கேட்க மாட்டேன், பறவைப் பெயரை மட்டும் உன் அம்மாவுக்குச் சொல்லிவிடு, இல்லையென்றால் அவள் தூங்க மாட்டாள். இங்கே தம்பி டிரைவிங் டெஸ்ட்டில் இரண்டாவது முறையும் தோற்றான், அம்மாவே டீச்சராக இருந்தும் தோற்றதால் ஸ்கூல் மானம் போகிறது என்று அவனுக்கு வாசலில் பக்கெட்டுகளை வரிசையாக வைத்து ரிவர்ஸ் பழக்குகிறாள், மூன்று பக்கெட் காலி. அவளிடம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கற்றுக்கொள்ள வருகிறார், பிரேக் போடுங்க சார் என்றால் எதற்கு என்று காரணம் கேட்கிறாராம். நீ நின்றுகொண்டே சாப்பிடாதே, நாற்காலியில் முதுகு படும்படி உட்கார், திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் என்னத்துக்கு ஆகும். பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்று, போன முறை வீடியோவில் உன் பின்னால் டம்ளரில் நின்றது எதிரிக் கம்பெனி பிரஷ், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஒரு டஜன் அனுப்பியிருக்கிறேன், பக்கத்து மேசைக்காரிக்கும் கொடு, பாவம், அந்தப் பெண்ணும் கஷ்டப்பட்டிருப்பாள்.

என்றைக்கும் இதே நேர்மையோடும் இதைவிட நல்ல தூக்கத்தோடும் நீ நன்றாக இரு, எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், அம்மாவும் இதையே சொல்கிறாள், கூடவே மூக்குக் கண்ணாடி போட்ட பையனையும் விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. உன் வேலையில் சொல்லக் கூடாதது இனிமேலும் வரும், வரட்டும், நான் கேட்க மாட்டேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால், அப்பா, இன்னைக்கு ஒண்ணும் பேச முடியாது என்று மட்டும் சொல். நீ அங்கே துணி மடித்துக்கொண்டிரு, நான் இங்கே பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். பேசாமல் இரு, ஆனால் ஃபோனை வைக்காதே.

ஆயிரம் ஆசிகளுடன்,
உன் அப்பா,
முடி பதிக்கும் பிரிவு